தீப்பெட்டி செய்த தேவமனிதர்: ஜெனரல் வில்லியம் பூத்



இந்த மாதம் ஒரு பரிசுத்தவானுடைய வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்ளும்படி கர்த்தர் என் உள்ளத்தில் பாரம் கொடுத்தார். பெயரைச் சொன்னால் உங்களில் அநேகருக்குத் தெரியும். இரட்சணிய சேனையை ஸ்தாபித்த ஜெனரல் வில்லியம் பூத். அவர் தெருமுனையில் நின்று பிரசங்கித்ததும், குடிகாரர்களையும் திருடர்களையும் சிலுவையண்டைக்குக் கொண்டுவந்ததும் நமக்குத் தெரியும். எழுப்புதல் கூட்டங்களில் ஊழியக்காரர்கள் அடிக்கடி சொல்லுகிற சங்கதி அது. ஆனா, அவர் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்தினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே ரொம்ப நாள் தெரியாது. அதை முதன்முதலில் வாசித்த அன்று நான் புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன். ஏன் அழுதேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்துவிட்டால் எங்களுக்குச் சோறு போட்டது தீப்பெட்டிதான். அம்மா பகலில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிவிட்டு வந்து, ராத்திரி சிம்னி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டி ஒட்டுவார்கள். நானும் அக்காவும் பசை தடவிக் கொடுப்போம். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. வாரக் கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தால், இது கோணல், அது பசை விட்டுப்போச்சு என்று கழித்துவிட்டுத்தான் அந்த ஆள் காசை எண்ணுவார். அவரும் விசுவாசிதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்னால் உட்கார்ந்து, தன் தொழிலைக் கர்த்தர் பெருகப்பண்ணினார் என்று சாட்சி சொல்லுவார். நாங்க பின்னால் உட்கார்ந்து அல்லேலூயா சொல்லுவோம். அம்மா ஒருநாளும் அவரைக் குறை பேசினதில்லை. ஆனா அவர் சாட்சி சொல்ல எழும்பினால் மட்டும் தலையைக் குனிந்துகொள்ளுவார்கள். சின்னப் பையனாயிருந்த எனக்கு, அம்மா ஜெபம் பண்ணுகிறார்கள் என்றே தோன்றும்.

இப்போ பூத்துடைய சரித்திரத்துக்கு வருகிறேன்.

வெள்ளிப் பென்சில்

1829-ம் ஆண்டு ஏப்ரல் 10-ம் தேதி, இங்கிலாந்து தேசத்தில் நாட்டிங்காம் பட்டணத்தை ஒட்டின ஸ்னெய்ன்டன் என்ற இடத்தில் வில்லியம் பூத் பிறந்தார். தகப்பனார் சாமுவேல் பூத் ஒரு காலத்தில் வசதியாக இருந்து நொடித்துப்போனவர். அதனால் 13 வயசிலேயே பையனைப் படிப்பிலிருந்து நிறுத்தி ஒரு அடகுக்கடையில் வேலை பழக விட்டுவிட்டார்கள். அதே 1842-ம் வருஷம் தகப்பனாரும் இறந்துபோனார். குடும்ப பாரம் அம்மா தலையில்.

அடகுக்கடை என்றால் என்ன என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழை கடைசியாக வந்து நிற்கிற வாசல் அது. நெசவாளிகள் நிறைந்திருந்த அந்தப் பட்டணத்தில் வேலை இல்லாமல் ஜனங்கள் பட்டினி கிடந்த காலம். போர்வையையும் பாத்திரத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கண்ணீரோடு போகிறவர்களை அந்தப் பையன் தினமும் பார்த்தான். அந்த வேலையை அவன் மனதார வெறுத்தான். ஆனாலும் வேறு வழியில்லை.

1844-ல், 15 வயசில் வில்லியம் இரட்சிக்கப்பட்டார். அது எப்படி நடந்தது என்று அவரே பிற்காலத்தில் சாட்சி சொல்லியிருக்கிறார். கூட்டாளிப் பையன்களோடு சேர்ந்து ஏதோ ஒரு சின்ன வியாபாரம். அதில் இவர் மட்டும் லாபம் பார்த்துவிட்டார். ஆனா அவர்களுக்கு உபகாரம் செய்ததுபோலக் காட்டிக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் அதை நம்பி, நன்றியாக இவருக்கு ஒரு வெள்ளிப் பென்சில் கூடு வாங்கிக் கொடுத்தார்கள். ஆவியானவர் உணர்த்த ஆரம்பித்ததும் அந்தப் பென்சில் அவர் மனசில் முள்ளாகக் குத்தினது. பென்சிலைத் திருப்பிக் கொடுப்பது சுலபம். நான் உங்களை ஏமாற்றினேன் என்று வாயைத் திறந்து சொல்லுவதுதான் கஷ்டம். கடைசியில் ஒருநாள் போய், அறிக்கையிட்டு, பென்சிலையும் கொடுத்துவிட்டார். அந்த நிமிஷமே பாவ பாரம் இறங்கி, சமாதானம் அவரை நிரப்பினது.

தேவ பிள்ளைகளே, இதைக் கவனியுங்க. இந்த மனிதருடைய இரட்சிப்பு ஒரு வியாபாரக் கணக்கைச் சரிசெய்வதில் தொடங்கினது. சகேயுவுக்கும் அப்படித்தானே (லூக்கா 19)? பின்னால் அவர் நடத்தின அத்தனை காரியத்துக்கும் விதை அந்த வெள்ளிப் பென்சில்தான் என்று நான் நினைக்கிறேன்.

பின்வாசல் வழியே வந்த பிள்ளைகள்

இரட்சிக்கப்பட்ட கையோடு வாலிபனான பூத் நாட்டிங்காமின் சேரிகளில் தெருப்பிரசங்கம் பண்ண ஆரம்பித்தார். ஒருநாள் அந்தச் சேரியிலிருந்த கந்தல் துணிப் பிள்ளைகளை ஒரு கூட்டமாகக் கூட்டிக்கொண்டுபோய், ஆலயத்தில் நல்ல இருக்கைகளில் உட்காரவைத்துவிட்டார். சபைப் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இனிமேல் இவர்களைக் கூட்டிவந்தால் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து மறைவான பெஞ்சுகளில் உட்காரவை என்று சொல்லிவிட்டார்களாம். அந்தக் காயம் அவருக்கு ஆறவே இல்லை.

1849-ல் பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போனார். அங்கேயும் கிடைத்தது அடகுக்கடை வேலைதான். அந்த நிலைமையில் கர்த்தர் ஒரு வியாபாரியை எழுப்பினார். எட்வர்ட் ராபிட்ஸ் என்பவர் காலணி செய்து விற்கிற தொழில் பண்ணினவர். பூத்துடைய பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, நீ கடையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வா, வாரம் 20 ஷில்லிங் மூன்று மாசத்துக்கு நான் தருகிறேன் என்று பொறுப்பெடுத்தார். 1852-ல் தன்னுடைய 23-வது பிறந்தநாளில் பூத் அடகுக்கடையை விட்டு வெளியே வந்தார். அந்த ராபிட்ஸ் மூலமாகவே கேதரின் மம்ஃபோர்டு என்ற ஜெபவீராங்கனையைச் சந்தித்தார். 1855 ஜூன் 16-ம் தேதி அவர்களுக்குக் கல்யாணம். கர்த்தர் எட்டுப் பிள்ளைகளைக் கொடுத்தார். பெண்கள் பிரசங்கிக்கக்கூடாது என்றிருந்த அந்த நாளில் 1860-ல் கேதரின் அம்மையார் பிரசங்க மேடை ஏறினார். கணவருக்கு எழுத்திலும் யோசனையிலும் ஜெபத்திலும் அவர் தூணாக நின்றார்.

இருட்டில் இறங்கினவர்

மெதடிஸ்ட் பிரிவு ஒன்றில் போதகராயிருந்த பூத், ஊர் ஊராய்ச் சென்று எழுப்புதல் கூட்டம் நடத்த அனுமதி கிடைக்காததால் 1861-ல் அந்தப் பதவியை விட்டார். மாசச் சம்பளம் போச்சு. கையில் சின்னக் குழந்தைகள். விசுவாசத்தில் நாலு வருஷம் ஊர் ஊராகப் போனார்கள். 1865 ஜூலையில் கிழக்கு லண்டனில் வொயிட்சாப்பல் பகுதியில், பழைய கல்லறை நிலம் ஒன்றில் போட்டிருந்த கூடாரத்தில் பிரசங்கிக்க வந்தார். அங்கே கண்ட காட்சி, சாராயக் கடைகளும் வேசித்தனமும் பசியும் நிரம்பின தெருக்கள், அவரை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டது. தன் வாழ்நாளின் வேலை இதுதான் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அப்படி ஆரம்பித்ததுதான் கிறிஸ்தவ மிஷன். 1878-ல் அது இரட்சணிய சேனை என்று பெயர் பெற்றது.

எதிர்ப்பு சாதாரணமானதல்ல. எலும்புக்கூட்டுப் படை என்று பேர் வைத்துக்கொண்டு ரவுடிகள் கூட்டம் கூடி அடித்தார்கள். 1882 என்ற ஒரே வருஷத்தில் 600-க்கும் மேற்பட்ட சேனைக்காரர்கள் அடிபட்டார்கள். அவர்களில் அநேகர் பெண்கள். அதே 1882-ல்தான் ஃபிரடெரிக் டக்கர் என்பவர் தலைமையில் ஒரு சின்னக் குழு பம்பாயில் வந்து இறங்கினது. சேனை நம் தேசத்துக்கு வந்தது அப்படித்தான். பிற்பாடு பூத்துடைய மகள் எம்மா டக்கரைக் கல்யாணம் பண்ணி இந்தியாவுக்கு வந்து, நம்மைப் போலவே உடுத்தி ஊழியம் செய்தார்.

ஒரு தோல்வியும் ஒரு பாலமும்

பூத்துக்கு ஆத்துமபாரம்தான் முதலாவது. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனா பசித்தவனுக்குப் பிரசங்கம் காதில் ஏறாது என்பதை அவர் கண்ணாரக் கண்டார். 1870-களின் ஆரம்பத்தில் ஏழைகளுக்காக மலிவு விலைச் சாப்பாட்டுக் கடைகள் தொடங்கினார். மூத்த மகன் பிராம்வெல் சின்ன வயசிலேயே அதைக் கவனித்துக்கொண்டார். ஐந்து கடை வரைக்கும் பெருகினது. ஆனா கட்டுப்படியாகவில்லை. 1874-ல் எல்லாவற்றையும் மூட வேண்டியதாயிற்று. பூத் தோற்றார். அதை மறைக்கவும் இல்லை. நல்ல எண்ணம் மட்டும் போதாது, வரவும் செலவும் தெரிய வேண்டும், நிர்வாகம் தெரிய வேண்டும் என்று அங்கே படித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் 13 வருஷம் போச்சு. 1887-ல் ஒரு குளிர்கால ராத்திரி. வெளியூர் கூட்டம் முடித்துவிட்டு நடுச்சாமத்தில் லண்டன் பாலத்தைக் கடந்து வருகிறார். பாலத்தின் ஓரத்து மாடங்களில் காகிதத்தைப் போர்த்திக்கொண்டு மனிதர்கள் சுருண்டு கிடக்கிறதைப் பார்த்தார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் பிராம்வெல் வந்ததும் வராததுமாய், பாலத்தில் ஜனங்கள் படுத்துக் கிடக்கிறது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று மகன் சொல்ல, தெரிந்தும் ஒன்றும் செய்யாமலா இருக்கிறாய் என்று சத்தம் போட்டார். ஏதாவது ஒரு கிட்டங்கியைப் பிடி, கூரை இருக்கட்டும், கொஞ்சம் கதகதப்பு இருக்கட்டும் என்றார். 1888-ல் லைம்ஹவுஸ் பகுதியில் முதல் சாப்பாட்டுக் கூடமும் தங்கும் இடமும் திறக்கப்பட்டது.

இலவசமாகக் கொடுக்கவில்லை, பாருங்க. சில்லறைக் காசுக்குச் சூப்பும் ரொட்டியும். காசு இல்லாதவன் வேலை செய்து சாப்பிடலாம். பிச்சை வாங்குகிற கை கூசிப்போகும். காசு கொடுத்து வாங்குகிறவன் நிமிர்ந்து நிற்பான். அடகுக்கடைப் பையனுக்கு அது நன்றாகத் தெரியும்.

குதிரைக்கு இருக்கிற உரிமை

1890 அக்டோபரில் பூத் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். இருண்ட இங்கிலாந்தையும் அதிலிருந்து வெளியேறும் வழியையும் பற்றினது. ஆப்பிரிக்காவைத்தான் இருண்ட கண்டம் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, இருட்டு உங்க வாசலிலேயே இருக்கிறது என்றார். ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 30 லட்சம் பேர், வறுமையில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று கணக்குக் காட்டினார்.

அதில் அவர் சொன்ன ஒரு உவமை இன்றைக்கும் மனசைத் தொடும். லண்டன் தெருவில் வண்டிக் குதிரை ஒன்று விழுந்துவிட்டால், அது ஏன் விழுந்தது, அது நல்ல குதிரையா என்று யாரும் விசாரிப்பதில்லை. முதலில் தூக்கி நிறுத்துகிறார்கள். அதற்குத் தீனி உண்டு, படுக்க இடம் உண்டு, செய்ய வேலை உண்டு. குதிரைக்குக் கிடைக்கிற இந்த அளவாவது மனுஷனுக்குக் கிடைக்க வேண்டாமா என்று கேட்டார்.

அந்தப் புஸ்தகம் எழுதப்பட்ட நாட்கள் அவருக்குக் கண்ணீரின் நாட்கள். கேதரின் அம்மையார் மார்புப் புற்றுநோயால் படுக்கையில் இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நோவைப் பார்த்துக்கொண்டே எழுதினார். அக்டோபர் 4-ம் தேதி அம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த மாதமே புஸ்தகம் வெளிவந்தது. ஒரு வருஷத்துக்குள் சுமார் 2 லட்சம் பிரதிகள் விற்றுப்போயின. திட்டத்தைத் தொடங்க 1 லட்சம் பவுன் வேண்டும் என்று கேட்டார். சில மாசத்துக்குள் அந்தப் பணம் வந்து சேர்ந்தது.

விரோதமும் வந்தது. ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானி டைம்ஸ் பத்திரிகையில் கடிதம் மேல் கடிதமாக எழுதித் தாக்கினார். ஒரே மனிதன் கையில் இவ்வளவு பணமா என்றார்கள். பூத் கணக்குப் புஸ்தகத்தைத் திறந்து வைத்துவிட்டார். 1892-ல் வெளியார் அடங்கின ஒரு விசாரணைக் குழு கணக்கைப் பார்த்து, பணம் சொன்ன காரியத்துக்கே செலவாகியிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. ஊழியப் பணத்தைக் கையாளுகிற நாம் எல்லாரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வேலை இல்லாதவனையும் ஆள் தேடுகிற முதலாளியையும் சேர்த்துவைக்க 1890-லேயே ஒரு வேலைவாய்ப்பு நிலையம் வந்தது. அரசாங்கம் அதைச் செய்ய இன்னும் 20 வருஷம் ஆனது. 1891-ல் எசெக்ஸ் பகுதியில் ஹாட்லி என்ற இடத்தில் பெரிய பண்ணை நிலம் வாங்கி, லண்டன் தெருக்களில் கிடந்தவர்களுக்கு விவசாயமும் செங்கல் அறுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டி நடந்ததே, அது அந்தப் பண்ணை நிலத்தில்தான்.

தாடை எலும்பும் தீக்குச்சியும்

இப்போ தீப்பெட்டிக்கு வருகிறேன்.

அந்த நாளில் தீக்குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் வைப்பார்கள். மலிவு, எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். ஆனா அதன் ஆவி கொடிய விஷம். சொத்தைப் பல் வழியாக உள்ளே இறங்கி, தாடை எலும்பை அழுகவைக்கும். நாற்றம் தாங்காமல் வீட்டார்கூடப் பக்கத்தில் வர மாட்டார்கள். தாடையை வெட்டி எடுத்தாலன்றிப் பிழைப்பது கஷ்டம். அந்த விஷத்தில் வேலை செய்தவர்கள் ஏழை வீட்டுப் பெண்களும் சிறுபிள்ளைகளும்.

கிழக்கு லண்டனில் பெரிய தீப்பெட்டிக் கம்பெனி பிரையன்ட் அண்ட் மே. அதைத் தொடங்கின இரண்டு பேரும் குவேக்கர் கிறிஸ்தவர்கள். பயபக்தியுள்ளவர்கள் என்று பேரெடுத்த கூட்டம் அது. ஆனா 1880-களில் அது பங்குதாரர்களுக்கு 20 சதவீதத்துக்கு மேல் லாபம் கொடுத்துக்கொண்டே, வேலைக்காரப் பெண்களுக்கு அற்பக் கூலியும் அபராதமும் கொடுத்தது. பங்கு வைத்திருந்தவர்களில் போதகர்களும் உண்டு. இதை 1888-ல் வெளியே கொண்டுவந்தது யார் தெரியுமா? அன்னி பெசன்ட் அம்மையார். பின்னாளில் நம்ம சென்னை அடையாறில் வந்து தங்கினாரே, அவரேதான். அன்றைக்கு அவர் தெய்வமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் எழுதினதைத் தொடர்ந்து ஏறக்குறைய 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி விஷயத்தில் ஜெயமும் பெற்றார்கள். ஆனா வெள்ளைப் பாஸ்பரஸ் மட்டும் போகவில்லை.

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்க. தேவனை அறிந்தவர்கள் லாபம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார்கள்; தேவனை மறுதலித்தவர் ஏழைக்காகப் பேசினார். இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பூத் என்ன செய்தார்? பிரசங்கம் பண்ணிக் கண்டித்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. 1891 மே மாதம் ஓல்டு ஃபோர்டு என்ற இடத்தில் தானே ஒரு தீப்பெட்டி ஆபீஸ் திறந்தார். நல்ல வெளிச்சம், காற்று. வேலைக்காரர் டீ போட்டுக் குடிக்க வசதி. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள். அங்கே விஷமில்லாத சிவப்புப் பாஸ்பரஸ் மட்டும்தான். இன்றைக்கு நம்ம வீட்டுத் தீப்பெட்டியின் பக்கவாட்டில் குச்சியை உரசுகிறோமே, அந்த மருந்துதான் அது. கூலி? மற்ற இடத்தில் குரோசுக்கு இரண்டேகால், இரண்டரை பென்ஸ் கொடுத்தபோது, இவர் 4 பென்ஸ் கொடுத்தார்.

அதோடு விடவில்லை. பத்திரிகைக்காரர்களையும் பாராளுமன்ற உறுப்பினர்களையும் கூட்டிவந்து ஆபீசைச் சுற்றிக் காட்டினார். தாடை அழுகிப் படுத்திருந்தவர்களின் வீடுகளுக்கும் கூட்டிப்போனார். இந்தத் தீப்பெட்டிதான் வேண்டும் என்று கடையில் கேட்டுக்கொண்டேயிருங்கள் என்று சேனைக்காரர்களை ஏவிவிட்டார். வருஷத்துக்கு 60 லட்சம் பெட்டி வரைக்கும் உற்பத்தியானதாகச் சொல்லுகிறார்கள்.

தோற்றுப்போனாரா?

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அந்தத் தீப்பெட்டி விலை கொஞ்சம் கூடுதல். காலம் போகப்போக ஜனங்கள் மலிவானதையே வாங்கினார்கள். சுமார் 10 வருஷத்தில் அந்த ஆபீஸ் சேனையின் கையைவிட்டுப் போனது. வியாபாரக் கணக்கில் பார்த்தால் தோல்விதான்.

ஆனா கர்த்தருடைய கணக்கு வேறே. விஷமில்லாமலும் தீக்குச்சி செய்யலாம், நியாயமான கூலி கொடுத்தும் தொழில் நடத்தலாம் என்று அந்தச் சின்ன ஆபீஸ் ஊருக்கெல்லாம் காட்டிவிட்டது. முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாய் அடைபட்டது. 1898-ல், நோயை மறைத்ததற்காக அந்தப் பெரிய கம்பெனிக்கு நீதிமன்றம் அபராதம் போட்டது. 1901-ல் அவர்களும் வெள்ளைப் பாஸ்பரஸைக் கைவிட்டார்கள். 1908-ல் பிரிட்டனில் அதைத் தடைசெய்து சட்டம் வந்தது. 1913-ல் நம் இந்தியாவிலும் வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டித் தடைச் சட்டம் வந்தது. பூத் ஒருவரால்தான் இதெல்லாம் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வேலைநிறுத்தம் பண்ணின பெண்கள், டாக்டர்கள், அதிகாரிகள், அநேகர் பாடுபட்டார்கள். ஆனா செய்துகாட்டினவர்களில் அவர் ஒருவர்.

எங்க பக்கத்தில் தீப்பெட்டித் தொழில் ஊன்றினது 1920-களில். அதற்குள் அந்த விஷம் சட்டப்படி ஒழிந்துவிட்டது. எங்க அம்மாவுடைய கைவிரல் தேய்ந்தது, கண் மங்கினது. ஆனா தாடை அழுகவில்லை. எங்கேயோ லண்டனில் ஒரு தேவமனிதர் பட்ட பாடு, கரிசல் காட்டில் உட்கார்ந்திருந்த என் அம்மா வரைக்கும் எட்டினதே என்று நினைத்துத்தான் நான் அன்றைக்கு அழுதேன்.

பூத்திடம் குறையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். தளபதியைப்போலக் கட்டளையிட்டே பழகினவர். அதனால் சொந்தப் பிள்ளைகளில் சிலரே மனஸ்தாபப்பட்டுச் சேனையை விட்டுப் போனார்கள். 1896-ல் பேலிங்டன் போனார். 1902-ல் இன்னும் இருவர். சேனையின் மூத்த ஊழியர் ஜார்ஜ் ரெயில்டன், சேனை இன்ஷூரன்ஸ் வியாபாரத்தில் இறங்கினதை 1894-ல் பகிரங்கமாகவே எதிர்த்தார். ஊழியம் வியாபாரமாகிவிடுமோ என்ற அந்தப் பயம் நியாயமான பயம்தான். 1903-ல் மகள் எம்மா அமெரிக்காவில் ரயில் விபத்தில் இறந்தது கிழவருக்குப் பேரிடியாயிற்று. கடைசியில் இரண்டு கண்ணும் தெரியாமல் போச்சு. அப்படியும் அவர் விசுவாசம் அவியவில்லை. 1912 ஆகஸ்ட் 20-ம் தேதி, 83-வது வயசில் தன் ஓட்டத்தை முடித்தார். அப்போது சேனை 58 தேசங்களில் ஊழியம் செய்துகொண்டிருந்தது. நாகர்கோவிலில் கேதரின் பூத் ஆஸ்பத்திரி அந்த அம்மையாரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

நமக்கு ஒரு வார்த்தை

பிரியமானவர்களே, நான் ஒரு காலத்தில், சபைக்கு ஆத்துமா மட்டும்தான் வேலை, சோறும் கூலியும் உலகக் காரியம் என்று கூட்டங்களில் வாதாடினவன். பூத்துடைய வாழ்க்கை என்னை உடைத்தது. ஆத்துமாவை விட்டுவிட்டு அவர் சோறு போடவில்லை. உள்ளான மனுஷன் மாறாமல் வெளியே என்ன மாற்றினாலும் நிற்காது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆனா வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனிடம் சமாதானத்தோடே போ என்று சொல்லுகிற விசுவாசத்தைக் குறித்து யாக்கோபு 2-ம் அதிகாரம் என்ன சொல்லுகிறது என்று வாசித்துப் பாருங்க. பிறகு அப்படியே 5-ம் அதிகாரம் 4-ம் வசனத்துக்கும் வாங்க. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவிக்கு எட்டுகிறது.

நம் சபைகளில் இன்றைக்குத் தொழில் செய்கிறவர்கள் அநேகர். கடை, கம்பெனி, பட்டறை, தறி. தொழில் ஆசீர்வதிக்கப்பட ஜெபம் பண்ணச் சொல்லி காணிக்கைக் கவரில் எழுதிப் போடுகிறோம். நல்லதுதான். தசமபாகம் கொடுக்கிறோம், நல்லதுதான். ஆனா மீதி ஒன்பது பங்கில் வேலைக்காரனுடைய பங்கு சரியாகப் போய்ச் சேர்ந்ததா? நம்மிடத்தில் வேலை செய்கிற பெண், நாம் சாட்சி சொல்ல எழும்பும்போது தலை நிமிர்ந்து உட்கார முடியுமா? முதலாளியாக இல்லாதவர்களும் தப்பிக்க முடியாது. பூத்தின் தீப்பெட்டியை முடக்கினது யார்? காலணா மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறே பெட்டியை வாங்கினவர்கள்தான். விலை பேசுகிற இடத்திலும் நம்முடைய இரட்சிப்பு தெரிய வேண்டும்.

ஒரு காரியம் சொல்லி முடிக்கிறேன். அம்மாவுக்கு வயசான காலத்தில், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இந்தச் சரித்திரத்தைச் சொன்னேன். பிரசங்கம் பண்ணினது, அடிபட்டது, 58 தேசம், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் என்றதும் கண்ணைத் திறந்து, குரோசுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டார்கள். மற்றவர்கள் இரண்டரை கொடுத்த இடத்தில் இவர் நாலு கொடுத்தார் என்றேன். கழிவு பிடித்தாரா என்றும் கேட்டார்கள். அது எனக்குத் தெரியலம்மா என்றேன். கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி என்னமோ கணக்குப் போட்டார்கள். அப்புறம், அவர் நிசமாவே இரட்சிக்கப்பட்டவர்தான்டா என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். சின்ன வயசில் அந்தச் சபையில் அம்மா ஏன் தலையைக் குனிந்தார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கினது.

ஜெபிப்போமா? பரலோகப் பிதாவே, எங்கள் கைகளின் பிரயாசத்தைச் சுத்திகரியும். நாங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டிய வெள்ளிப் பென்சில் எது என்று ஒவ்வொருவருக்கும் காண்பியும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற பெலனைத் தாரும். பாலத்தில் படுத்திருக்கிறவர்களைக் காண்கிற கண்ணைத் தாரும். எங்கள் சபையிலும் எழுப்புதலை அனுப்பும். அது ஆராதனையில் தொடங்கி, சனிக்கிழமை சம்பளப் பட்டியல் வரைக்கும் வரட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.